கமலாசனியின் நிழல்

உடையார்கட்டில் தவராசாவைத் தெரியாதவர்கள் இருந்திருக்கலாம். அவனுடைய போத்தல்களைத் தெரியாதவர்கள் இல்லை. கடைகளில் இனிப்புப் போட்டு வைக்கும் வாயகன்ற கண்ணாடிப் போத்தல் நிறையச் சாராயம், அதற்குள் சுருண்டபடி ஒரு பாம்பு. மூட்டு நோவுக்கு நல்லது, வெளியில் சொல்லக் கூடாத வேறு சிலதுக்கும் நல்லது என்று சொல்லி, காடு வெட்டக் குத்தகை எடுத்த கொந்தராத்துக்காரருக்கும் மர லொறிக்காரருக்கும் விற்றுவிடுவான். செத்த பாம்பைப் போட்டால் துவண்டு கிடக்கும், வாங்குகிறவனுக்குப் பயம் வராது, பயம் வராவிட்டால் நோவும் போகாது என்பது அவனாகக் கண்டுபிடித்த வைத்தியம். ஆகவே உயிரோடு பிடித்து உயிரோடு அமுக்க வேண்டும். அரசாங்கம் வயல் செய்யக் கொடுத்த காணியில் அவன் செய்த வேளாண்மை இதுதான்.

அவன் மனைவி கமலாசனி சரசாலைப் பக்கத்துத் தோட்டக்காரரின் மகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் குடியேற்றக் காணி கிடைத்தபோது ஒரு றங்குப் பெட்டியோடு வன்னிக்கு வந்தவள். வந்து நாலு வருடத்தில் இரண்டு கரு தங்காமல் போயிற்று. மூன்றாவது தங்கியது. அது தங்கிய நாலாம் மாதம் தவராசாவைப் புடையன் பாம்பு கடித்தது. ஒன்பது நாள் விஷகடி வைத்தியர் வீட்டில் கிடந்து, ஒரு விரல் மடங்காமல் போன கையோடு திரும்பி வந்தான். வந்த மறுகிழமையே சாக்கை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் புறப்பட்டான். கமலாசனி கெஞ்சினாள், அழுதாள், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அவன் அசையவில்லை.

தகப்பனில்லாமல் இந்தப் பிள்ளையைப் பெறக்கூடாது என்ற ஒரே நினைப்பு அவளுக்கு. அதனால்தான் அந்த யோசனையை அவளே சொன்னாள். பிள்ளைத்தாய்ச்சியின் நிழல் விழுந்தால் பாம்புக்குக் கண் தெரியாது, கிடந்த இடத்தில் கிடக்கும் என்று ஊரெல்லாம் சொல்லும்.

"நான் வந்து நிக்கிறன். நிழல் விழுந்தாப் பிறகு பிடியுங்கோ" என்றாள்.

பக்கத்துக் காணி அன்னபாக்கியம் கேள்விப்பட்டு வந்து வேலியில் நின்று ஏசினா. பெண்சாதி வயிற்றோடு இருக்கும்போது புருசன் ஓர் ஓணானைக்கூடக் கொல்லக்கூடாது, இது பிள்ளைக்கு ஆகாது என்றா. தவராசா சிரித்தான்.

"நான் எங்கையக்கா கொல்லுறன்? சாராயமெல்லோ கொல்லுது."

முதல் நாள், குளக்கட்டுக்குப் பின்னால் இருந்த புற்றடியில், காலை வெயிலுக்கு முதுகு காட்டி நின்றாள். நீண்டு போன நிழலின் வயிற்றுப் பகுதி நாகத்தின் மேல் விழுந்தது. விரித்த படம் விரித்தபடி நின்றது. தவராசா கத்தரிக்காய் பிடுங்குவது போல அதைத் தூக்கிச் சாக்கில் போட்டான். அந்த நேரம் அவளுக்குள் துள்ளிக்கொண்டிருந்த பிள்ளையும் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து, பாம்பு சாராயத்தில் அடங்கி, மூடியைத் திருகிய பிறகுதான் மறுபடி உதைத்தது. கெட்டிக்காரப் பிள்ளை, அதற்கும் பயம்தான் என்று நினைத்து அன்றைக்கு அவள் சிரித்தாள்.

பிறகு சிரிக்கவில்லை. ஒவ்வொரு பாம்புக்கும் பிள்ளை அடங்கிக் கிடக்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. முதலில் ஓர் உலை கொதிக்கிற நேரம். பிறகு மத்தியானம் வரை. பிறகு பொழுதுபட்ட பிறகுதான் அசைந்தது. சுவரோரப் பலகையில் ஆறு போத்தல்கள் இருந்தன. பாம்புக்கு இமை இல்லை, செத்தாலும் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். அவள் எல்லாத் தலைகளையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பாள். விடிந்து பார்த்தால் ஆறும் அவள் படுத்த பாயைப் பார்த்தபடி இருக்கும். சாராயம் சூட்டுக்கு அசையும், அதோடு பாம்பும் திரும்பும் என்றான் தவராசா. அவன் சொன்னால் எதற்கும் ஒரு காரணம் இருக்கும். அவள் பிள்ளையின் சங்கதியை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அவன் தனியாகப் போவான்.

ஏழாம் மாதம், பங்குனி வெயில். பெரிய நாகமாக ஒன்று வேண்டுமென்று ஒரு கொந்தராத்துக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். பிள்ளை அசைந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வெக்கைக்குக் களைத்து நித்திரையாக்கும் என்று கமலாசனி தன்னையே ஏமாற்றிப் பேய்க்காட்டிக்கொண்டு கூடப் போனாள்.

பாலை மர வேரடியில் நாகம் கிடந்தது. அவள் வழக்கமான இடத்தில் நின்றாள். நிழல் நிறைவாக அதன் மேல் விழுந்தது. தவராசா குனிந்து கையை நீட்டினான். நாகம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல், நிழலுக்குள்ளாலேயே ஊர்ந்து, வயிறு விழுந்திருந்த இடத்தைக் கடந்து பற்றைக்குள் போனது.

தவராசா பாய்ந்து விலகினான். பயம் தெளிந்ததும் கோபம் வந்தது.

"சரியா நில்லெண்டு எத்தினை தரம் சொல்லுறது? நிழல் விலகிப் போச்சு."

"விலகேல்லை" என்றாள் கமலாசனி. "இஞ்சருங்கோ, நான் இப்ப பிள்ளைத்தாய்ச்சி இல்லை."

அவன் நிலத்தில் கிடந்த நிழலைப் பார்த்தான். அதே பெரிய வயிறு. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது. சாக்கு கையிலிருந்து நழுவியது.

"எப்ப தொடக்கம்?"

"முந்தநாள் தொடக்கம்."

அவன் தாங்கிப் பிடிக்க நீட்டிய கையை அவள் தட்டிவிட்டாள். வயிற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, முல்லைத்தீவு பஸ் வரும் றோட்டைப் பார்த்து நடந்தாள். ஆசுபத்திரியில் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் விழுந்துவிடக் கூடாதென்று ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள்.