முதல் பிரசவம் தாய் வீட்டில்

கனடாவின் குடியேற்றச் சட்டம் எனக்கு அத்துப்படி என்று சித்தூரில் இரண்டு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் நான் படித்திருந்தது என் மகளுடைய நிரந்தர வசிப்பு அட்டையின் முன்பக்கத்தை மட்டும்தான். அதில் ஐந்து வருடம் தள்ளி ஒரு தேதி போட்டிருந்தது. ஐந்து வருடம் செல்லும் என்றால் ஐந்து வருடம் நிம்மதி என்று பொருள் கொண்டேன். நான் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். தேதி என்றால் எனக்கு எப்போதும் ஒரு பக்தி.

மருமகன் டொரண்டோவில் வேலை பார்ப்பவர். அவரும் அந்த நாட்டுக் குடிமகன் அல்ல, நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்றவர், அவ்வளவுதான். கல்யாணம் முடிந்ததும் மகளுக்கு ஸ்பான்சர் செய்தார். விசா வந்தபோது அவள் திருப்பதியில் பார்மசி படித்துக்கொண்டிருந்தாள். விசாவில் போட்ட தேதிக்குள் அங்கே போய் இறங்கியாக வேண்டும் என்றார்கள். போனாள், முத்திரை வாங்கினாள், சில வாரம் புருஷனோடு இருந்துவிட்டுப் படிப்பை முடிக்கத் திரும்பி வந்துவிட்டாள். முடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. "கார்டு கையில கீது. அவசரம் இன்னா?" என்று நான்தான் தெம்பு சொன்னேன். அந்த ஐந்து வருடத்தில் கூட்டிக் கழித்து இரண்டு வருடமாவது அந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. மருமகன் அதை இரண்டு முறை போனில் சொன்னார். இரண்டு முறையும் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

படிப்பு முடிந்து போனவள் சில மாதத்தில் முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். மருமகன் தயங்கித் தயங்கி, "மாமா, இங்கயே பிரசவம் ஆனா குழந்தைக்கு இந்த நாட்டு பாஸ்போர்ட் வந்துடும்" என்றார்.

"பாஸ்போர்ட் எங்க ஓடிடப்போவுது மாப்ள? முதல் பிரசவம் தாய் வீட்லதான்" என்றேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. மீறியவர்களைப் பற்றி நானே நிறையப் பேசியிருக்கிறேன். அதனால் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஏழாம் மாதம் அழைத்து வந்தோம். வளையல் அடுக்கினோம். சித்தூரிலேயே பெண் குழந்தை பிறந்தது.

அடுத்தது பெயர். மூன்றாம் மாதம்தான் வைப்பது என்றாள் மனைவி. நல்ல தமிழ்ப் பெயராக வேண்டும் என்று நான் அகராதியோடு உட்கார்ந்தேன். சம்பந்தி வீட்டாருக்கு எண் கணிதம் ஒத்துவர வேண்டியிருந்தது. நான் பொறுக்கிய பெயர் எல்லாம் அவர்கள் கணக்கில் தேறவில்லை. பெயர் வைக்காத குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்காது. பெயர் இல்லாவிட்டால் பாஸ்போர்ட் கிடையாது. இதையெல்லாம் திருப்பதியில் ஒரு விசா கன்சல்டன்ட் அறையில் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் பாதி தெலுங்கு, பாதி தமிழ். "பாப்பாவோட அப்பா சிட்டிசனா சார்?"

"இல்ல. பெர்மனென்ட் ரெசிடென்ட்."

"அப்ப பாப்பா இண்டியன். பாப்பாவுக்கு கொத்தகா ஸ்பான்சர் பண்ணணும் சார், முதல்லேர்ந்து."

"அம்மா மடியில உக்காந்துக்கினு போற குழந்தைக்கு எதுக்கு ஸ்பான்சர்?"

"மடியில உக்காந்தாலும் பிளைட்ல ஏத்தமாட்டான் சார்."

"எவ்ளோ நாள் ஆகும்?"

"செப்பலேம் சார். யாராலயும் சொல்ல முடியாது." பிறகு மகளிடம் திரும்பி, அங்கே எப்போதெல்லாம் இருந்தாள், இங்கே எப்போதெல்லாம் இருந்தாள் என்று விசாரித்தார். கேட்கக் கேட்க அவர் பேனா மெதுவாக நின்றது. "மேடம், பாப்பா பேப்பர் வர்ற வரைக்கும் நீங்க இங்க இருந்தா உங்க கார்டே போயிடும். ஏன் மேடம் டெலிவரி இங்க வெச்சுக்கினீங்க?"

"எங்க பக்கம் பழக்கம் சார்" என்றாள் மகள்.

என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் பார்க்கவில்லை.

குழந்தைக்கு விசிட்டர் விசா கேட்டுப் பார்த்தோம். விண்ணப்பதாரர் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போவார் என்று நம்ப முடியவில்லை என்று பதில் வந்தது. விண்ணப்பதாரருக்கு அப்போதுதான் குப்புறப் படுக்க வந்திருந்தது.

மருமகனாலும் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார முடியாது. ஸ்பான்சர் செய்கிறவர் அங்கேயே இருந்தாக வேண்டும். மகள் காத்திருந்தால் அவளுடைய அனுமதியும் போய், அம்மாவுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். கிளம்பினால் குழந்தையை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டு வாரம் கழித்து அவள் டிக்கெட் போடச் சொன்னாள்.

"படிச்சவரு, படிச்சவருனு ஊரே சொல்லுது. இன்னாத்த படிச்சீங்க?" என்றாள் மனைவி. அகராதி இன்னும் மேசை மேலேயே இருந்தது. எடுத்து உள்ளே வைத்தேன்.

போவதற்கு முன் குழந்தைக்குப் புட்டிப்பால் பழக்க வேண்டியிருந்தது. மகள் வீட்டுக்குள் இருக்கும்வரை குழந்தை புட்டியைத் தொடவே இல்லை. உன் வாசனை தெரிகிறது, நீ வெளியே போய் நில்லு என்றாள் மனைவி. மகள் தெருவில் போய் நின்றாள். உள்ளே குழந்தை அழ அழ, வெளியே அவள் துப்பட்டாவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்கு "நல்லா கீறேன்க்கா" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படி நாலைந்து நாள்.

கிளம்பும்போது அந்தத் துப்பட்டாவைத் தொட்டிலில் போட்டாள். "நைனா, இத தோய்க்காதீங்க" என்றாள். அன்று அவள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

சென்னை விமானநிலையத்திலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தாள். பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது, பாத்ரூமில் நின்று பீச்சி ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. காதில் விழாதவன் போலப் பேப்பரைப் புரட்டினேன்.

போய் இரண்டு மாதம் ஆகிறது. குழந்தையின் கோப்பு எங்கேயோ நகர்கிறதாம். வீடியோ காலில் குழந்தை போனைப் பிடித்துக் கடிக்கிறது. அதற்குள் இருக்கிற முகத்தைப் பார்ப்பதில்லை. மகள் சிரிக்கிறாள், பிறகு கேமராவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசுகிறாள்.

போன வாரம் தடுப்பூசிக்கு அரசு சுகாதார நிலையத்தில் நானும் மனைவியும் வரிசையில் நின்றோம். முன்னால் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை. தங்கச்சி குழந்தையாம். தங்கச்சி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாளாம்.

"உங்க பொண்ணும் குவைத்தாண்ணா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. கனடா. பெர்மனென்ட் ரெசிடென்ட்" என்றேன். இவ்வளவுக்குப் பிறகும் முதுகு தானாக நிமிர்ந்தது.

அவள் என் தோளில் இருந்த குழந்தையையும் தன் இடுப்பில் இருந்ததையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"எந்த ஊரானா இன்னாண்ணா? ரெண்டும் பவுடர் பால்தானே குடிக்குது."