கண்ணாடிக்குள்ள போடாத கிட்டார்

தேவா அண்ணே போயிட்டாரு. நேத்து காலையில.

மாத்தளை டவுன்ல படத்துக்கு பிரேம் போடுற கடை வச்சிருந்தாரே, அந்த தேவா அண்ணே. எங்க பாட்டுக் கோஷ்டியோட பழைய கிட்டாரிஸ்ட். நான் ஃபார்மசியில வேலையா இருக்கும்போது போன் வந்துச்சு... கையில மருந்துப் பொட்டியோட அப்படியே நின்னுட்டேன்.

அவரப் பத்தி சொல்லணும்னா அந்த கிட்டாரப் பத்தி சொல்லாம முடியாது.

எல்கடுவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருந்த வெள்ளக்கார தொரை, ஊருக்குப் போறப்போ ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிளாக்கரய்யாகிட்ட விட்டுட்டுப் போன கிட்டார் அது. அவர்கிட்ட இருந்து அண்ணேயோட அப்பாவுக்கு. அந்தப் பக்கத்துல லயத்து வரிசை வீடுகள்ல இருந்த தோட்டத்து ஆளுங்க மொத மொதல்ல கிட்டார் சத்தம் கேட்டதே இதுலதானாம். கல்யாணம், திருவிழா, ஸ்ட்ரைக்... எல்லாத்துக்கும் போயிருக்கு. சத்தம் வர்ற ஓட்டைக்குக் கீழ, விரல் பட்டுப் பட்டு வார்னிஷ் போயி மரமே தேஞ்சு கெடக்கும்.

ஸ்ட்ரோக் வந்து அண்ணேக்கு இடது கை விரல் மடங்காமப் போச்சு. கிட்டார் கடைச் செவுத்துல தொங்குச்சு.

அந்த நேரத்துலதான் நான் கோஷ்டியில சேர்ந்தேன். நான் இடது கைக்காரி. யார் கிட்டார் கிடைச்சாலும் தலைகீழா புடிச்சு வாசிப்பேன்.

ஒரு ப்ரோக்ராம் முடிஞ்சதும் கூப்பிட்டாரு. "ஏய் லெப்ட்டு... நீ வாசிக்கிறது நல்லா இருக்கு. பாக்கத்தான் முடியல, கழுத்து வலிக்குது."

அடுத்த வாரமே கோஷ்டி பூரா ஒரே பேச்சு. அந்தக் கிட்டார இடது கைக்கு மாத்தப் போறாராம். எனக்காக!

கம்பிய மட்டும் மாத்திக் கட்டினா சரிவராது. கம்பி உக்கார்ற எலும்புத் துண்டுக்கு அடியில ஒரு பள்ளம் இருக்கும், கொஞ்சம் சாய்வா. அத அடச்சிட்டு மத்தப் பக்கம் சாய்ச்சு வெட்டணும். வெட்டினா வெட்டினதுதான்.

கீபோர்ட் ரஞ்சன் குதிச்சாரு. "நம்மகிட்ட பழசுன்னு காட்ட என்ன அண்ணே இருக்கு? லயத்தையும் இடிச்சாச்சு. மிஞ்சியிருக்குற ஒன்னையும் உளியால வெட்டணுமா?"

ரஞ்சன் சொன்னது நியாயம்தான். எனக்கும் மனசு கேக்கல. "வேணாம் அண்ணே... கண்ணாடிப் பொட்டி செஞ்சி உள்ள வைங்க. ஒங்களுக்குத் தெரியாத வேலையா?"ன்னேன்.

"நான் கண்ணாடிக்குள்ள போடுறது ரெண்டே பேரத்தான். ஒன்னு சாமி, இல்லாட்டி செத்தவங்க. இது ரெண்டும் இல்ல. வந்து கிட்டார அசையாமப் புடி."

புடிச்சேன். வேற என்ன செய்ய?

ஒரு கையில உளி, மடங்காத கைய வச்சு அழுத்திக்கிட்டு... பழைய பள்ளத்த மரத்துண்டு வச்சு ஒட்டி அடச்சாரு. மறுநாள் காய்ஞ்சதும் புதுசா வெட்டினாரு. வெட்டி முடிச்சி தூசிய ஊதிப் பாத்தா... அட கடவுளே! அடச்ச அதே பள்ளத்தையே திரும்ப வெட்டி வச்சிருக்காரு. அதே சாய்வு! அம்புட்டு வருஷம் அந்தச் சாய்வையே பாத்த பழக்கம், கை அது பாட்டுக்குப் போயிருச்சு.

நான் அழுறதா சிரிக்கிறதான்னு தெரியாம நிக்கிறேன். மனுஷன் கடையே அதிர்ற மாதிரி சிரிக்கிறாரு. மலர் அக்கா, அவரு சம்சாரம், டீயோட வந்து பாத்துட்டுத் தலையில அடிச்சிக்கிட்டாங்க.

திரும்ப அடச்சி, திரும்ப வெட்டி... ஒரு வழியா சரியா வந்துச்சு.

அப்புறம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவுல மொத தடவ அந்தக் கிட்டாரோட மேடை ஏறுனேன். கமிட்டியில ஒருத்தரு வந்து, "பீச்சாங்கையால அம்மனுக்கு முன்னுக்கு வாசிக்கிறதா? கூடாது"ன்னுட்டாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

அண்ணே மெதுவா எந்திரிச்சு வந்தாரு. "ஐயா, அம்மனோட படம் நான் எத்தன பிரேம் போட்டிருக்கேன் தெரியுமா? பாதிக் கை இடது கைதான். அதுலயும் ஆத்தா என்னமோ புடிச்சிக்கிட்டுத்தான் நிக்கிறா."

கமிட்டிக்காரரு ஒதுங்கி வழி விட்டாரு. நான் வாசிச்சேன்.

கொழும்புல இருந்து ஒருத்தர் தேடி வந்தாரு ஒருநாள். பழைய கிட்டாரா சேக்குறவராம். பள்ளத்த ஒட்டின தடத்தப் பாத்துட்டு, "ஐயோ, கெடுத்துட்டீங்களே..."ன்னாரு. அண்ணே என்னக் கைகாட்டி, "ஒரு பாட்டுக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க தம்பி"ன்னாரு. அவரு ரெண்டு பாட்டுக் கேட்டாரு. மனச மாத்திக்கிட்டாரான்னு தெரியாது. ஆனா அண்ணே வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் போனாரு.

இன்னைக்குச் செத்த வீட்டுல அந்தப் பேச்சு திரும்ப வந்துச்சு. ரஞ்சன் கண்ணத் தொடச்சிக்கிட்டே சொன்னாரு, "அண்ணே நினைவா கிட்டார பழையபடி மாத்தி, கண்ணாடிப் பொட்டியில வச்சிருவோம்." நாலஞ்சு பேரு ஆமான்னு தலையாட்டுனாங்க.

கிட்டார் அண்ணேயோடது. கேட்டா குடுத்துத்தானே ஆகணும்...

மலர் அக்கா எந்திரிச்சு உள்ள போனாங்க. நான் கொண்டாந்து உள்ள வச்சிருந்த கிட்டார எடுத்துட்டு வந்து என் மடியில வச்சாங்க.

"இன்னொரு தடவ அதுல யாரும் உளி வைக்கக் கூடாது. அவரு பட்ட பாடு போதும். நீ வாசி புள்ள."

வாசிச்சேன். அப்போதான் பாத்தேன்... பழைய தேய்மானத்துக்கு எதிர்ப்பக்கம், நான் புடிக்கிறப்போ ஓட்டைக்குக் கீழ வர்ற எடத்துல, வார்னிஷ் போயிருக்கு. கைய வச்சுப் பாத்தேன். என் விரல் பட்ட எடம்.

ரொம்ப நன்றி அண்ணே. என்னத் திருத்தாம கிட்டாரத் திருத்துனீங்களே, அதுக்கு.

உங்க போட்டோவுக்கு வேற கடையில பிரேம் போட்டிருக்காங்க. மூலை சரியா சேரல. பாத்தா ஏசுவீங்க.

கிட்டார் வெளியதான் இருக்கு அண்ணே. போயிட்டு வாங்க...