நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு

அன்று மாடியில் இருந்தவர்கள்: முதலாளி. அவருடைய மனைவி, நாங்கள் டீச்சர் என்போம். முதலாளியின் அப்பா, சுங்குடிச் சேலை வியாபாரம் பார்த்த பெரியவர். கம்ப்யூட்டர் வகுப்பில் சேர வந்த மூன்று பெண்கள், அதில் ஒருத்தி பரவையிலிருந்து பஸ் ஏறி வந்தவள். அப்புறம் நான். அங்கே டைப்ரைட்டர்களுக்குச் சர்வீஸ் பார்ப்பவன்.

எண்பதுகளின் கடைசி. விஜயதசமி காலை. மகால் அரண்மனைக்குப் பின்னால் ஒரு தெரு. கீழே மருந்துக்கடை, மேலே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். கம்ப்யூட்டர் ஒன்றுதான், புதிது. அதைச் சொல்லிக் கொடுப்பதற்காக டீச்சர் சென்னையில் தங்கிப் படித்துவிட்டு வந்திருந்தார். மருமகள் தனியாகப் போய்த் தங்குவதா என்று வீட்டில் பெரிய சண்டை. அவர்கள் வீட்டுப் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் சண்டை என்று தெரியும்.

பெரியவர் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார். விஜயதசமிக்கு வகுப்பு தொடங்காவிட்டால் அந்த அறை சேலைக் கட்டுகளுக்கு. டீச்சர் வீட்டோடு.

முந்தின நாள் ஆயுத பூஜை. மெஷின்களைத் திறந்து தூசி தட்டி, சாமி படத்துக்கு முன்னால் வைப்பது வழக்கம். டைப்ரைட்டர்களை நான் வைத்தேன். கம்ப்யூட்டரையும் திறக்கச் சொன்னார் பெரியவர்.

“மூடிக்கு மட்டும் பூசை போட்டா ஆச்சா? வேல பாக்குறது உள்ள இருக்குறதுதான?”

முதலாளி மூடியைக் கழற்றினார். உள்ளே செருகி நின்ற சர்க்யூட் கார்டுகளில் ஒன்றை உருவிப் பலகையில் வைத்தார். பெரியவர் குளித்து, நெற்றியில் நாமத்தோடு வந்து எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். என் ஸ்க்ரூ டிரைவருக்கும் ஒரு பொட்டு. பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் காலைதான் முதலாளி கார்டைத் திரும்பச் செருகி மூடினார்.

நல்ல நேரம் பத்தரை வரை. டீச்சர் சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. திரை இருட்டு. உள்ளேயிருந்து பீப் சத்தம் வந்து நின்றது. அணைத்துப் போட்டாலும் அதே சத்தம்.

இப்போதைய பெட்டிகள் வாயே திறப்பதில்லை. கெட்டால் சும்மா கிடக்கும். அந்தக் காலத்துப் பெட்டி அப்படி இல்லை. சுகமாக இருந்தால் குட்டியாக ஒரே ஒரு பீப். இல்லையென்றால் முழிக்கும்போதே எங்கே வலி என்று சொல்லிவிடும். நமக்குக் கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதலாளி மருந்துக்கடைக்கு ஓடினார். அங்கேதான் போன். சென்னையில் கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரரைப் பிடித்துவிட்டு மேலே வந்தார். முகம் விழுந்திருந்தது.

“மூணு தடவ கத்துதுன்னேன். மெமரி போயிருக்கும்ங்கிறார். ஆள் வரணுமாம். அடுத்த வாரமாம்.”

“கட்டுகள எப்ப ஏத்தலாம்?” என்றார் பெரியவர்.

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. “மூணுன்னா சொன்னீங்க? நீளமா ஒன்னு, குட்டியா ரெண்டு.”

“கூட்டுனா மூணுதான?”

“இதென்ன கணக்குப் பாடமா? நீளத்தச் சொல்லணும்ல?”

அந்தப் பெண்களில் ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி கடிகாரத்தைப் பார்த்தாள். டீச்சர் படியிறங்கினார். நானும் பின்னால் போனேன். லைன் கிடைத்ததும் மருந்து வாங்க நின்றவர்கள் முன்னாலேயே போனுக்குள் அந்தச் சத்தத்தைப் போட்டார்.

“பீஈஈஈ… பிப், பிப்.”

மருந்துக்கடைக்காரர், “அக்கா, இருமலுக்கா?” என்றார். டீச்சர் கையைக் காட்டி அடக்கினார். கேட்டார். தலையாட்டினார். போனை வைத்தார்.

“அண்ணே, படம் காட்டுற கார்டாம். கழட்டித் தொடச்சு, அழுத்திச் சொருகணுமாம். வாங்க.”

மேலே வந்து ஒயரைப் பிடுங்கினோம். நான் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். டீச்சர் கார்டை உருவினார். அடியில் தங்க நிறத்தில் வரிசையாகப் பல். அதன்மேல் அழகாக மூன்று பொட்டு. சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

பெரியவர் குனிந்து பார்த்தார்.

“தங்கமா மின்னுச்சு. அங்கதான வைக்கணும்னு…”

டீச்சர் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டாலும் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டோம்.

“சாமிக்கு வச்சது மாமா. ஒன்னும் ஆகல,” என்றார்.

நான் டைப்ரைட்டர் ரப்பரை எடுத்து நீட்டினேன்.

“ஐயய்யோ, அது சொரசொரன்னு இருக்கும்ண்ணே. பல்லச் சொரண்டிரும்.”

பரவைப் பெண் தன் பையிலிருந்து பென்சில் ரப்பர் எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் முதலில் துணியால் துடைத்தார். பிறகு ரப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார். தரையில் மஞ்சள் தூள் விழுந்தது. சந்தன வாசம் வந்தது. இன்றைக்கும் பூஜையில் சந்தனம் அரைத்தால் எனக்கு அந்த மாடிதான் நினைவுக்கு வரும். டைப்ரைட்டர் மணியும், மருந்துக்கடை போனும், அந்தப் பெண்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதும்.

கார்டு உள்ளே போனது. மூடியை நான் வைத்தேன். பத்தரைக்குக் கொஞ்சம்தான் இருந்தது. டீச்சர் சுவிட்சிலிருந்து விலகி நின்றார்.

“மாமா, நீங்க போடுங்க.”

“நானா? எம் மேல கோவத்துல திரும்பக் கத்துமோ என்னமோ.”

“போடுங்க மாமா. நேரம் போகுது.”

பெரியவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. அந்தத் திரை சூடேறித்தான் வெளுக்கும், சத்தம்தான் முந்தி வரும். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

பீப்.

காத்திருந்தோம். அதற்குமேல் வரவில்லை.

ஒன்று.