கடிகாரத்துக்குக் கீழே ஒருவர்

போன வாரம் ரயிலில் மைசூருக்குப் போயிருந்தோம். வண்டி மண்டியாவைத் தாண்டியதும் என் மனைவி சுதா பேச்சை நிறுத்திவிட்டாள். ஸ்ரீரங்கப்பட்டணம் வந்தபோது, "நான் இறங்கலைங்க. இப்படியே திரும்பிப் போயிடலாம்" என்றாள்.

பிறந்த வீட்டுக்குப் போகிற பெண் பேசுகிற பேச்சா இது? ஆனால் எனக்குப் புரிந்தது. அவளுடைய அப்பா தவறி இரண்டு மாதம்தான் ஆகிறது. காரியங்களுக்கெல்லாம் காரில் போய் வந்துவிட்டோம். அவர் இல்லாத பிளாட்ஃபாரத்தில் இறங்குவது இதுதான் முதல் தடவை.

என் மாமனார் ராஜமாணிக்கம் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு யார் ரயிலில் வந்தாலும் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வருவார். மகளோ, மாப்பிள்ளையோ, மருமகளின் சித்தப்பாவோ — பேதமே கிடையாது. காலை வண்டி என்றால் விடியும் முன்பே ஆஜர். பிளாட்ஃபாரக் கடிகாரத்துக்குக் கீழே, மிலிட்டரிப் பச்சை ஸ்வெட்டரும் காபி பிளாஸ்க்குமாக விறைப்பாக நிற்பார்.

பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடி வர மாட்டார். நாம்தான் அவரிடம் போக வேண்டும். கல்யாணமான புதிதில் எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது. மாப்பிள்ளை முறுக்கு... வேறென்ன? நேராகவே கேட்டுவிட்டேன்.

"ரெண்டு பேரும் தேடினா ரெண்டு பேரும் தொலைஞ்சு போவோம் மாப்பிள்ளே. ஒருத்தர் நிக்கணும். ஒருத்தர் வரணும்."

சொல்லிவிட்டு என் பெட்டியைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். "குடுங்க மாமா" என்று நான் பின்னாலேயே ஓடினேன். போர்ட்டர்கள் சிரித்தார்கள்.

ஒருமுறை சுதா ரயிலைத் தவறவிட்டு பஸ்ஸில் வந்து, அக்ரஹாரம் பகுதியில் இருந்த வீட்டில் குளித்து, சாப்பிட்டு, தூங்கியும் எழுந்துவிட்டாள். மாமா ஸ்டேஷனிலேயே நிற்கிறார். அடுத்த வண்டியில் வருவாளாம். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் போய் அழைத்து வந்தார். அத்தை, அதாவது என் மாமியார், வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"சம்பளமில்லாத ஸ்டேஷன் மாஸ்டர் வந்தாச்சா?"

மாமா அதைக் காதில் வாங்கினால்தானே. "சாப்பிட்டியாம்மா?" என்று மகளைக் கேட்டார்.

ஏன் இந்தப் பிடிவாதம்? யுத்தத்தைப் பற்றி வாயே திறக்காத மனிதர், ஒருநாள் தேவராஜ மார்க்கெட்டில் வாழைப்பழம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சண்டை முடிஞ்சு மைசூர்ல வந்து இறங்கறேன். கூட வந்தவனுக்கெல்லாம் வீட்லேர்ந்து ஆள் வந்திருக்கு. எனக்கு யாரும் இல்ல. நான் குடுத்த தந்தி எனக்கப்புறம்தான் வீடு வந்து சேர்ந்துச்சு. அது அப்ப எனக்குத் தெரியாதே. எல்லைல நான் பயப்படலை மாப்பிள்ளே. அந்த பிளாட்ஃபாரத்துல பயந்தேன். வீட்ல யாருக்கு என்ன ஆச்சோன்னு..."

பிறகு கடைக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசத் திரும்பிவிட்டார். நான் பையை விரித்துப் பிடித்தேன். அன்று அவர் மேல் வந்த பிரியம் எனக்கு இன்றுவரை குறையவில்லை.

சரி, போன வாரத்துக்கு வருவோம். அத்தைக்கு முழங்கால் வலி. ஸ்டேஷன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர். "வர வேண்டாம், நாங்களே ஆட்டோ பிடிச்சு வந்துடறோம்" என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டுச் சொல்லியிருந்தேன்.

வண்டி நின்றது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். சுதா எழுந்திருக்கவே இல்லை. நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன். தலையைக் குனிந்தபடியே நடந்தாள். கடிகாரம் இருக்கும் பக்கம் அவள் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன்.

புடவைக்கு மேல் மிலிட்டரிப் பச்சை ஸ்வெட்டர். கையில் பிளாஸ்க். அத்தை.

"சுதா, அங்கே பாரு" என்றேன். நிமிர்ந்தவள் ஓட ஆரம்பித்தாள். அத்தை ஓர் அடிகூட நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று மகளைக் கட்டிக்கொண்டார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒளிப்பானேன்?

அழுகை ஓய்ந்ததும் எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். நன்றாக ஆறிப்போயிருந்தது.

"எப்ப வந்தீங்க அத்தை? இந்தக் காலை வச்சுக்கிட்டு..."

"உங்க மாமா கிளம்பற நேரத்துக்கே முழிப்பு வந்துடுச்சு மாப்பிள்ளே. வீட்ல சும்மா உக்காந்து என்ன செய்யறது?"

சம்பளமில்லாத அந்த ஸ்டேஷன் மாஸ்டர் வேலை... காலியாகவே இல்லை.