குட்டையாகிக்கொண்டே போன வாசல்

கனகராயன்குளத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் சொல்வது 'வாங்கோ' இல்லை, 'குனிஞ்சு வாங்கோ'. சொன்னாலும் பாதிப்பேர் தலையை இடித்துக்கொண்டுதான் வருவார்கள்.

குற்றம் வாசல் நிலையில் இல்லை. காட்டில் முதிரை மரம் தறித்து அதை நிறுத்திய பூட்டனுக்குப் பூட்டன் ஆறடிக்கு மேல் உயரமாம். பிறகு வந்தவர்கள்தான் ஆளுக்கொரு கைவரிசை காட்டினார்கள். சாணி மெழுகிய மண் தரைக்கு மேலே ஒருவர் சுண்ணாம்புத் தரை போட்டார். அதற்கு மேலே இன்னொருவர் சிவப்புச் சீமெந்து. வைக்கோல் கூரை ஓடாகி, ஓடு தகரமாகியது. அடுப்பும் புகையுமாய்த் தனியே கிடந்த குசினி வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்டது. ஒருவராவது பழைய தரையைக் கிண்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டிருக்கலாம். சோம்பல் எங்கள் பரம்பரைச் சொத்து. போன வருடம் அப்பா பளபளவென்று மாபிள் பதித்தபோது வாசலின் மேற்கட்டை என் நெற்றி மட்டத்துக்கு வந்துவிட்டது.

நிலையைத் தூக்கி வைக்கலாமே என்று கேட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும். சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த நாளில் கூரை இல்லை, சுவரும் பாதிதான். நிலை மட்டும் நின்றது. அப்பா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததை நானும் அக்காவும் பார்த்தோம். அதன்பிறகு அதில் ஓர் ஆணி அடிக்கக் கேட்கவும் எங்களுக்கு வாய் வரவில்லை.

ஆனால் அக்காவின் கலியாணத்துக்கும் அதுதான் குறுக்கே நின்றது. முதல் தடவை பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் தாய்மாமன் இடித்தார். இரண்டாவது தடவை மாப்பிள்ளையின் தாய். இரண்டு பகுதியும் சகுனம் சரியில்லை என்று தேத்தண்ணியைக் குடித்த கையோடு எழுந்து போனார்கள். அக்காவுக்கு முப்பத்தாறு வயது. வெளியே சிரித்துக்கொண்டுதான் திரிந்தாள். அப்போதுதான் மூன்றாவது சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளை புதுக்குடியிருப்பில் விவசாயப் போதனாசிரியர். பனை உயரம். அப்பா என்னை வாசலில் காவலுக்கு நிறுத்தினார். நான் ஒவ்வொரு தலையாகக் குனிய வைத்து, கீறல் விழாமல் உள்ளே அனுப்பினேன். அக்கா தேத்தண்ணி கொடுத்தாள். கதைத்ததெல்லாம் மாப்பிள்ளையின் தமக்கைதான். மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. கடைசியில் யோசித்து அறிவிப்பதாகச் சொல்லித் தமக்கை எழுந்தார். அப்படிச் சொல்லிப் போனவர்கள் அறிவித்ததாக எங்கள் ஊரில் சரித்திரமில்லை. அக்காவின் முகம் செத்துப்போனது. எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையில் என் காவல் வேலையை மறந்துவிட்டேன்.

படீரென்று ஒரு சத்தம். மாப்பிள்ளை இடித்துவிட்டார்.

புறப்படும்போது தலை இடிபட்டால் திரும்பி வந்து, இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் மீறாத சட்டம் அது. தமக்கையே தம்பியைக் கதிரையில் இருத்தினார். அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தார், எழுந்தார், வாசலடியில் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் படீர். மறுபடியும் கதிரை.

இந்தத் தடவை அக்கா செம்பு நிறையக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதை முழுக்கக் குடியுங்கோ. பிறகு என்னைப் பாக்காமல் நிலையைப் பாத்துக்கொண்டு போங்கோ."

மாப்பிள்ளை நெற்றியைத் தடவிக்கொண்டு தன் தமக்கையைப் பார்த்தார். அன்றைக்கு அப்போதுதான் அவர் குரலை நாங்கள் கேட்டோம்.

"நீங்கள் ஆறுதலா இருந்து யோசியுங்கோ அக்கா. நான் யோசிச்சு முடிச்சிட்டன்."

கலியாணத்துக்கு முதல் நாள் அப்பா இரும்பு அலவாங்கும் கையுமாக வாசலில் நின்றார். நிலையைத் தொடவில்லை. மருமகன் நிமிர்ந்து வரவேண்டும் என்று, வாசலடியில் மாபிளை உடைத்து, சீமெந்தை உடைத்து, சுண்ணாம்பையும் உடைத்து, பழைய மண் வரைக்கும் இறக்கிவிட்டார். எங்கள் பரம்பரையிலேயே தரையைக் கிண்டிய முதல் ஆள் அவர்தான். எனக்கு அவரில் பெருமையாக இருந்தது. மருமகனுக்கு இதைச் சொல்லி வைக்க மட்டும் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

கோயிலில் தாலி கட்டி அக்காவோடு வந்த மாப்பிள்ளை, முன்பு பட்டபாட்டை மறக்காமல் நன்றாகக் குனிந்தார். தலை தப்பியது. கால் பள்ளத்தில் தடக்கி, நேரே அப்பாவின் காலடியில் போய் விழுந்தார். அப்பா பதறிப்போய்த் தூக்கினார். மாப்பிள்ளையின் தமக்கை சகுனத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா கூறைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள், தண்ணீர் எடுக்க.