பேரளி வரைக்கும் பாட்டு

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குத் தினமும் பஸ்ஸில் போய் வேலை பார்க்கிறேன். பஸ்ஸில் காது கிழியப் பாட்டுப் போடுவார்கள். எனக்கு அது சுத்தமாக ஆகாது. அதனால் கைப்பையில் பழைய மியூசிக் பிளேயர் ஒன்றை வைத்திருப்பேன். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் மூன்று நாள் போகவர ஓடும்.

அதன் பேட்டரி தளர்ந்தபோது ஒரு செல்போன் கடையில் கொடுத்து மாற்றினேன். கடைக்காரர் என் கண்ணெதிரேயே, பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரியை வைத்து மூடினார். அதே வாரம் என் கொழுந்தனார் வந்திருந்தார். சிறுவாச்சூர் பக்கம் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர். பிளேயரில் கம்பெனி போட்டிருந்த சாப்ட்வேரை எடுத்துவிட்டு, ஆர்வலர்கள் எழுதி இலவசமாகத் தரும் வேறொன்றை ஏற்றிக்கொடுத்தார். பாட்டுகளை இழுத்துப் போடுவது சுலபமாகிவிட்டது.

ஆனால் பத்தே நாளில் பிளேயர், பாதி வழியிலுள்ள பேரளி ஊரைத் தாண்டுவதற்குள் அணைய ஆரம்பித்தது. மிச்ச வழி முழுக்க ஸ்பீக்கரின் இரைச்சல், சிமெண்ட் லாரிகளின் புழுதி, முன்சீட்டுக்காரர் ஜன்னல் வழியே துப்பும் புகையிலை எச்சில். ஒருநாள் அது காற்றில் திரும்பி என் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. அன்று ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே முடியவில்லை.

கொழுந்தனார் ஒவ்வொரு ஞாயிறும் வந்து எதையாவது மாற்றிப் பார்த்தார். திரை வெளிச்சத்தைக் குறைத்தார். பாட்டுகளை வேறு வடிவத்தில் ஏற்றினார். இந்த சாப்ட்வேரில் சார்ஜ் சீக்கிரம் தீர்வதாகச் சிலர் இணையத்தில் எழுதியிருப்பதையும் மறைக்காமல் சொன்னார். அதையே நான் பிடித்துக்கொண்டேன். வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, "நல்லா இருந்ததைக் கெடுத்துக் குடுக்கத்தான் தம்பி உங்களுக்குத் தெரியும்" என்றேன். அவர் பிளேயரை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த மாதம் பிளேயரின் முதுகு உப்பியிருந்தது. கணவர் நெம்பித் திறந்தார். அழுகிய பழம்போல இனிப்பு கலந்த நாற்றம் குப்பென்று வந்தது. பளபள ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. அதன் அடியில் மங்கிப்போன இன்னொரு ஸ்டிக்கர். யாரோ எப்போதோ பயன்படுத்தித் தூக்கிப்போட்ட பேட்டரி.

பேட்டரியை எடுத்துக்கொண்டு அந்த செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் வடை தின்றுகொண்டிருந்தார். எண்ணெய் விரலாலேயே பேட்டரியைத் திருப்பிப் பார்த்தார். "இப்படித்தான்க்கா வருது. எல்லா கடையிலயும் இதத்தான் வைக்கிறாங்க. யாரும் வந்து கேட்டதில்ல" என்றார். முகத்தில் வெட்கமோ கோபமோ இல்லை. சண்டை போடத்தான் போயிருந்தேன். அவர் கையிலிருந்த பேட்டரியைத் திரும்பத் தொடக்கூடப் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

தெருவில் நடக்கும்போது கொழுந்தனாரிடம் நான் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. ஏமாற்றியவனை நம்பி, உண்மையைச் சொன்னவரை அவமானப்படுத்தியிருக்கிறேன். கடைக்காரரைவிட என்னை நினைத்தே அதிகம் அருவருப்பாக இருந்தது. அங்கேயே நின்று போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அண்ணி, பேட்டரி நான் பாத்து வாங்கிட்டு வரேன்" என்றார்.

அவர் போட்டுக்கொடுத்த பேட்டரியில், அதே சாப்ட்வேரோடு, இப்போது இரண்டு நாள் போகவரப் பாட்டு கேட்கிறேன். சொந்தக்காரர்கள் வந்தால் கணவர் இதை வேடிக்கையாகச் சொல்வார். அன்று நான் பேசியதை என் குரலிலேயே பேசிக்காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு உடம்பு கூசும். எழுந்து உள்ளே போய்விடுவேன்.