காலால் மிதித்த கோபம்

இசைக்குழுவில் கிற்றார் அடிக்கிறவனைக் கலியாணச் சமையற்காரனைப் போலத்தான் நடத்துவார்கள்; எல்லாம் சரியாக இருந்தால் அவனை ஒருவருக்கும் தெரியாது, ஏதாவது பிசகினால் சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். யாழ்ப்பாணத்தில் மின்கிற்றார் தூக்கித் திரிந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அதிலும் ஓவர்டிரைவ் பெடல் என்ற தகரப்பெட்டியைக் காலடியில் வைத்திருந்தவர்கள் என்றால் நீங்கள் என் சொந்தச் சகோதரர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கிற்றாருக்கும் அம்பிளிபயருக்கும் நடுவில் அந்தப் பெட்டியைக் கொளுவி, சுவிச்சைக் காலால் அமத்தினால் தந்தியின் சத்தம் கரகரத்து, நீண்டு, அழுகிறது போல வரும். அந்த அழுகைக்காகத்தான் நான் அந்தப் பாடுபட்டேன்.

கண்ணாடி அலுமாரி

எண்பத்து மூன்றில், பெரிய கலவரத்துக்குச் சில மாதம் முந்தி, கொழும்பில் ஒரு கடையில் அதை வாங்கினேன். நல்ல ஜப்பான் பெடல் ஒன்று கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. அதைப் பார்க்கத்தான் என்னால் முடிந்தது. அதற்குக் கீழ்த்தட்டில், பெயர் தெரியாத ஏதோ ஒரு நாட்டில் செய்த மஞ்சள் பெட்டி கிடந்தது. மேலே மூன்று குமிழ், ஒரு சிவப்பு லைற், ஒரு சுவிச். விலை என் சட்டைப் பைக்குச் சரியாக இருந்தது.

கிற்றாரைத் தோளில் கொண்டுதான் போயிருந்தேன். ஒருக்கால் வயரைக் குத்தி அடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். கடைக்காரர் மாட்டேன் என்றார். மற்றக் கிராக்கிகள் பயந்து போய்விடுவார்களாம். குருநகரிலிருந்து ஒரு இரவு முழுக்க ரயிலில் இருந்து வந்தவன் சாமானைத் தொட்டும் பார்க்காமல் வாங்க வேண்டும் என்றால் எவனுக்குத்தான் கோபம் வராது? இது என்ன சத்தம் தரும் என்றாவது சொல்லுங்கள் என்று குரலை உயர்த்தினேன். அவர் பெட்டியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "சத்தம் வரும் தம்பி. நல்ல சத்தமா கெட்ட சத்தமாங்கிறது ஒங்க கைல இருக்கு."

கிழிந்த ஸ்பீக்கர்

எங்கள் குழுவை நடத்தியவர் சிவநேசன் அண்ணை. ஓர்கன் வாசிப்பார், சின்னச் சத்தத்துக்கும் முகம் சுளிப்பார். ஒலிபெருக்கி திரவியத்தினுடையது. அவன் தன் ஸ்பீக்கர்களைப் பிள்ளைகளைப் போல் துணி போர்த்திக் கொண்டு திரிகிறவன். பெடலைப் பற்றி இரண்டு பேருக்கும் நான் முதலே சொல்லியிருக்க வேண்டும்தான். ஆனால் சொன்னால் வேண்டாம் என்பார்கள்.

சுன்னாகத்தில் ஒரு கலியாண வீடு. பின்னேரம், பந்தல் நிறையச் சனம். இரண்டாவது பாட்டின் நடுவில் எனக்கு ஒரு இடம் வந்தது. சுவிச்சை மிதித்தேன். அந்தக் கரகரப்பு எழும்பியதும் என் உடம்பே புல்லரித்தது. ஆனால் அரை நிமிசம்கூட ஆகவில்லை, சத்தம் அடியோடு நின்றது. திரும்பிப் பார்த்தால் திரவியம் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். "என்ரை ஸ்பீக்கரைக் கிழிச்சுப்போட்டாய்" என்று ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தான். கிழியவில்லையடா, இதுதான் சத்தம் என்று கத்தி நானும் அவன் சட்டையைப் பிடிக்க, அவன் என்னைத் தள்ள, மத்தளக்காரன் இடையில் விழுந்து விலக்கினான். பெண்ணின் தகப்பன் மேடைக்கு ஏறிவந்து எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "கிழிஞ்ச சத்தம் வேணுமெண்டால் நாங்கள் பழைய ரேடியோவைப் போட்டிருப்பமே தம்பியவை" என்றார்.

கசெற் ஓடுது

திரவியத்துக்குச் சத்தத்தை விளங்கப்படுத்த எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அதன் பிறகு ஒரு கோயில் திருவிழா. அன்றைக்கு எனக்கு என்ன நடந்ததோ தெரியாது, விரல்கள் சொன்னபடி கேட்டன. பெடலும் ஒழுங்காக இருந்தது. அப்படி நான் அதற்கு முந்தி அடித்ததில்லை. சிவநேசன் அண்ணைகூட ஓர்கனை விட்டுவிட்டுத் தலையாட்டினார்.

மேடையை விட்டு இறங்க, வேட்டிச் சால்வையோடு ஒரு பெரியவர் கையைப் பிடித்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்துக் குனிந்து நின்றேன். அவர் என் காதுக்குள் சொன்னார்: "உதுக்குள்ளை கசெற் ஓடுது என்ன? காலாலை அமத்திப்போட்டுக் கையைச் சும்மா ஆட்டுறீர். நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

பருத்தித்துறை பஸ்

இது சிரிக்கிற கதை இல்லை. எண்பத்து நாலில் பருத்தித்துறையில் ஒரு கலியாணத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ஆமியின் சென்றி, சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரன் என் பையைத் திறந்தான். தகரப்பெட்டி, சுவிச், உள்ளே பற்றறி, பக்கத்தில் சுருட்டின வயர். அவன் பையைப் போட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தான். அடுத்த நிமிசம் பஸ்ஸில் வந்த சனம் முழுக்க வெயிலில் தாரில் குப்புறக் கிடந்தது. பிள்ளை வயிற்றோடு வந்த ஒரு பெண்ணை மட்டும் குந்தியிருக்க விட்டார்கள்.

சிவநேசன் அண்ணை தெற்கில் வேலை பார்த்தவர், சிங்களம் நன்றாகக் கதைப்பார். எழும்பி, இது பாட்டுச் சாமான் என்று மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லி முடிக்கவில்லை, கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. கண்ணாடி தெறித்து றோட்டில் போய் விழுந்தது. பிறகு அவர்கள் மண்மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, என்னை அந்தப் பெட்டியை மிதிக்கச் சொன்னார்கள். அண்ணையை எனக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். வயரைக் குத்தினால்தான் அது வேலை செய்யும். நான் வயரை எடுக்க எடுக்க அங்கே துவக்குகள் நிமிர்ந்தன. குத்தினேன். மிதித்தேன். சிவப்பு லைற் பத்தியது. வேறொன்றும் இல்லை. அவர்களில் ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைக்க இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

விட்டுவிட்டார்கள். கலியாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏற்ற வேலை, செய்யத்தானே வேண்டும். வெடித்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அண்ணை ஓர்கனைச் சரிபார்த்தார். நான் வழக்கம்போல அவருக்கு முன்பக்கமாகப் போய் நின்றேன். அவர் நிமிராமலே சொன்னார்: "இண்டைக்கு எனக்குப் பின்னாலை நில், யூட். நான் அடி வாங்கேக்கை நீ பாத்துக்கொண்டு கிடந்தனீ. உன்ரை முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு."

மிதி, திரவியம், மிதி

தொண்ணூறுக்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றறி கொண்டுவர அரசாங்கத் தடை. அம்பிளிபயருக்கும் ஓர்கனுக்கும் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றர் ஒன்றைப் பிடித்துவிடலாம். என் பெடலுக்குத் தேவை சதுரமான ஒரு ஒன்பது வோல்ட் பற்றறி. அடப்டர் குத்துகிற ஓட்டை நல்ல பெடல்களில் இருக்கும், மலிவுப் பெட்டியில் இல்லை. செத்த பற்றறியை வெயிலில் காயவைத்தேன், அடுப்பங்கரையில் சூடாக்கினேன். மனைவி ரஞ்சி, "சோறு வைக்கிற இடத்திலை உதை வைக்காதையுங்கோ" என்று எடுத்து எறிந்தாள். ஒரு பற்றறியை ஆயுதம் என்று எழுதி வைத்தவன் எந்த மேசையில் இருந்து எழுதினானோ, அவனுடைய வீட்டு விளக்கு அன்றைக்கும் எரிந்திருக்கும்.

கடைசியில் திரவியம்தான் வழி கண்டான். சனம் ரேடியோ கேட்கிறதற்குச் சைக்கிள் டைனமோவைப் பாவித்த காலம் அது. அவன் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, இடையில் ஏதோ ஒட்டிப் பெடலுக்குள் விட்டான். கோண்டாவிலில் ஒரு பகல் கலியாணம். மேடைக்குப் பக்கத்தில் சைக்கிளில் ஏறி இருந்து திரவியம் மிதிக்க, மேடையில் நான் அடித்தேன். அவன் வேகமாக மிதித்தால் சத்தம் சீறியது. களைத்தால் மூக்கடைத்தவன் பாடுகிறது போல இறங்கியது. என் தனி வாசிப்பு நடக்கும்போது யாரோ அவனுக்குச் சர்பத் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் மிதிப்பதை நிறுத்திவிட்டு ஆறுதலாகக் குடித்தான். கிற்றார் இழுத்து இழுத்துச் செத்தது. நான் மேடையிலிருந்தே அவனைத் தூசணத்தால் பேசினேன், மைக் திறந்திருந்ததை மறந்துவிட்டேன். மாப்பிள்ளையின் தமக்கை முன்வரிசையிலிருந்து எழும்பி வந்து மெல்லிய குரலில் சொன்னா: "அண்ணை, பேச்சு வேண்டாம், ஐயர் இருக்கிறார். வேணுமெண்டால் எங்கடை மச்சானை மிதிக்க விடுறம்."

பிலோமினா அக்காவின் ரேடியோ

பிறகு ஒருமுறை எனக்கு ஒரு புதுப் பற்றறி கிடைத்தது. வவுனியாவிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் பேக்கரிப் பாணுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். பிடிபட்டிருந்தால் அவருடைய கதை வேறு. அந்த ஞாயிறு எங்கள் தேவாலயப் பங்கில் பெருநாள், பின்னேரம் எங்கள் கச்சேரி. பற்றறியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

கச்சேரிக்குப் புறப்பட நிற்க, அடுத்த வீட்டுப் பிலோமினா அக்கா வந்தா. மகன் அன்ரன் கொழும்பில் பாஸ்போட் அலுவல் முடித்துவிட்டுக் கிளாலிக் கடல்நீரேரியால் படகில் திரும்பி வருகிறான். முதல்நாள் அங்கே படகுகளுக்குத் துவக்குச் சூடு விழுந்தது என்று சந்தையில் கதை. எத்தனை படகு, ஆர் ஆர் என்று ஒருவருக்கும் தெரியாது. பின்னேரம் வெளிநாட்டு வானொலியில் தமிழ்ச் செய்தி. அவவிடம் உள்ளங்கை அளவு ரேடியோ ஒன்று இருந்தது. அதற்கும் அதே சதுரப் பற்றறிதான். அக்கா கேட்கவில்லை. ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றா, அவ்வளவுதான்.

எனக்கு அவவில் கோபம் வந்தது. படகில் வெளிக்கிட்ட அன்ரனில் கோபம் வந்தது. ஒரு தாய் தன் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று அறிய ஒரு பாட்டுக்காரனின் வாசலில் வந்து நிற்க வைத்தவர்களை நினைக்கத் தலை வெடித்தது. பற்றறியை எடுத்து ரேடியோவுக்குள் நானே போட்டுக் கொடுத்தேன். கச்சேரியில் பெடல் இல்லாமல் வெறும் கிற்றார் அடித்தேன். முடிந்ததும் சிவநேசன் அண்ணை தோளில் தட்டி, இத்தனை வருசத்தில் இன்றைக்குத்தான் பாட்டு விளங்கியது என்றார். அதைக் கேட்க எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அன்ரன் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தான், கிளாலிக் கரையில் ஒளித்திருந்து வந்தானாம். அக்கா ரேடியோவோடு திரும்பி வந்தா. "செய்தியிலை ஒண்டும் சொல்லேல்லை தம்பி, சொல்லுவினமோ எண்டு நிப்பாட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தன். பிள்ளை வந்திட்டான், உங்கடை பற்றறி முடிஞ்சுபோச்சு" என்றா.

சாவகச்சேரிப் பள்ளிக்கூடம்

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்தது. மழையில், சனத்துக்குள் சனமாக, ஒரு அடி வைக்கப் பத்து நிமிசம் நின்று, தென்மராட்சிக்கு நடந்தோம். கிற்றார் வீட்டிலேயே நின்றுவிட்டது. பெடல் மட்டும் எப்படியோ உடுப்பு மூட்டைக்குள் வந்திருந்தது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், நாலு குடும்பத்துக்கு நடுவில் ரஞ்சி மூட்டையை அவிழ்க்க அது உருண்டு விழுந்தது. குழந்தைகளுக்குப் பால்மா ரின்னை மறந்துவிட்டு இதைக் கொண்டுவந்திருக்கிறோம் என்று அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அதே பள்ளிக்கூடத்தில் திரவியமும் இருந்தான். அவனுடைய ஸ்பீக்கர்கள் அவனோடு வரவில்லை. பக்கத்து வகுப்பறையில் ஒரு கிழவரின் ரேடியோ பழுது. அந்த ரேடியோ ஒன்றுதான் அந்தக் கட்டடத்துக்கே செய்தி. அதற்கு ஏதாவது உதிரிச் சாமான் தேவை என்று திரவியம் என் பெடலைக் கேட்டான். கொடுத்தேன். மேசைக்கத்தியால் பின்பக்கத்தைத் திறந்தான். நானும் அதுவரை உள்ளே பார்த்ததில்லை. என் பெட்டி முழுவதும் வெறும் காற்று, ஒரு மூலையில் நெருப்புப்பெட்டி அளவு பலகைத் துண்டு, அதில் பொட்டளவில் நாலைந்து சாமான். திரவியம் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "உதுக்கோடா நீ என்ரை சட்டையைப் பிடிச்சனீ, நான் உன்ரை சட்டையைப் பிடிச்சனான்?"

கிழவரின் ரேடியோ பிறகு கதைத்தது. என்னைக் கேட்டால், அந்த வருசங்களில் யாழ்ப்பாணத்தில் பற்றறி இல்லாமலே ஒழுங்காக வேலை செய்த ஒரே சாமான் எங்களுடைய கோபம்தான்.